ஆறாம் மாதக் கட்டம்

ஜனவரி 12

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உன் மகள் மூவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னபடிதான் நடக்கிறது. நாலு மாதக் கைக்குழந்தையை விட்டு வெளியூர் வேலைக்குப் போகிறோமே என்று பஸ் படியில் நின்று மூக்கைச் சிந்தினாயே, அப்போது என்ன சொன்னேன்? பத்தே நாளில் தலை நிற்கும் என்றேனா இல்லையா? ஒன்பதாம் நாளே நின்றுவிட்டது. தோளில் போட்டால் கழுத்தை நீட்டித் தெருவையே எடை போடுகிறாள். உன் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடுவான் என்றும் தாய்மாமன் நான்தான் முதலில் சொன்னேன். நீ கேட்கவில்லை. அது போகட்டும்.

சுகாதார நிலையத்தில் எடை போடும் செவிலியம்மாவை இங்கே எல்லாரும் தராசம்மா என்றுதான் சொல்கிறோம். தொட்டிலோடு தூக்கிக் கொக்கியில் மாட்டினார். ஆறு கிலோ நானூறு. நான் ஏழு என்று சொல்லி வைத்திருக்கிறேன், எப்படியும் ஆகத்தானே போகிறது. ஒரு வளர்ச்சி அட்டை கொடுத்தார். எந்த மாதம் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. மைல்கல்லாம். நம் பிள்ளை எக்ஸ்பிரஸ் பஸ், எந்தக் கல்லிலும் நிற்க மாட்டாள் என்றேன். தராசம்மாவே சிரித்துவிட்டார்.

தைரியத்தைச் சொல்ல வேண்டும். முன்னறையில் என் மைக் செட் கடைதானே. நேற்று ஒரு கல்யாணத்துக்காக நாலு குழாய் ஸ்பீக்கரையும் ஒன்றாகப் போட்டு 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றேன். எதிர்வீட்டு நாய் தெருக்கோடிக்கு ஓடியது. இவள் ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளிக் கொட்டாவி விட்டுக்கொண்டு தூங்குகிறாள். விழித்திருந்தால் பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்ப்பாள், சாட்சி விசாரிப்பது போல. அதனால் ஜட்ஜம்மா என்று பேர் வைத்துவிட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா

ஜனவரி 29

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்று நீங்கள் எழுதிய வரியைத் தினமும் படிக்கிறேன்.

மாமா, ஸ்பீக்கர் விஷயம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தபோது மஞ்சள் காமாலை முற்றி எட்டு நாள் நீல விளக்கில் வைத்திருந்த குழந்தை அவள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் காது போக வாய்ப்பு உண்டு, ஆறு மாதத்தில் கட்டாயம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். அப்போதே கண்டுபிடித்தால் காதுக்கு மிஷின் வைத்துப் பழக்கிப் பேச வைத்துவிடலாமாம். தள்ளத் தள்ள வார்த்தை வருவது கஷ்டமாம். பெரிய ஆஸ்பத்திரியில் மார்ச் 9 காலை ஒன்பது மணி என்று தேதி வாங்கிச் சீட்டை அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

அட்டையில் கண்ணால் பார்த்ததற்கு மட்டும் டிக் போடுங்கள். இங்கே தொழிற்சாலையில் தைத்து வரும் துணியைச் சோதித்து டிக் போடுவதுதான் என் வேலை. துணியைப் பிரிக்காமலே டிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூப்பர்வைசர் அதற்குக் குருட்டு டிக் என்று பேர் வைத்திருக்கிறார். தையல் விட்ட சட்டைகள் எல்லாம் அப்படித்தான் வெளியே போகின்றன.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள் மருமகள்

பிப்ரவரி 14

அன்பு மருமகளுக்கு ஆசிகள். மூவரும் சுகம். உன் கடிதம் பார்த்தேன். எனக்கே பாடம் எடுக்கிறாய், சந்தோஷம்.

டெஸ்ட் வேண்டுமா? நானே வைத்தேன். ஜட்ஜம்மாவைப் பாயில் உட்காரவைத்துப் பின்பக்கம் போய் நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒன்று போட்டேன். போலீஸ்காரன் மாதிரி வெடுக்கென்று திரும்பினாள். முப்பது வருஷமாகச் சத்தத்திலேயே பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாத காதா? உன் அத்தை மட்டும், "உங்க நிழல் பாய்மேல விழுந்துச்சு, அதான் திரும்புனா" என்றாள். எட்டாவது வரை படித்தவன் சொல்வதை ஐந்தாவது படித்தவள் மறுக்கிறாள். காலம் அப்படி இருக்கிறது.

ஆறாம் மாதத்துக்கு உரிய 'சத்தம் வரும் பக்கம் திரும்புகிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டாகிவிட்டது. பேனா கையில் இருக்கும்போதே ஒன்பதாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எப்படியும் செய்யத்தான் போகிறாள். தராசம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாமே போட்டிருக்கீங்க, நான் தனியா பாக்க வேண்டியதில்ல" என்று அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் என்னால் ஒரு வேலை மிச்சம்.

மார்ச்சில் டவுன் ஹாலில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைக்கிறார்களாம். எடை, உட்காருவது, முகக்களை எல்லாம் பார்ப்பார்களாம். மற்ற குழந்தைகளைப் பெற்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மாமா

மார்ச் 20

அன்பு மருமகளுக்கு. எல்லாரும் சுகம். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். காது டாக்டர் பெரிய மனிதர், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருந்தார். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் மூன்று ஒயரை ஒட்டி ஒரு மிஷினைத் திருப்பினார். மிஷினில் ஊசி துள்ளித் துள்ளி விழுந்தது. டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு காதைப் பாத்ததில்ல பெரியவரே, அடுத்த தெருவில ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்றார். நான் மைக் செட்காரன் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேப்பரெல்லாம் கொடுத்தார், பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் போட்டி. பதினேழு குழந்தைகள். பாதி அழுதது, மீதி தூங்கியது. நம் ஜட்ஜம்மா எட்டுக் கிலோ, கைத்தாங்கல் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நடுவராக வந்த அம்மாளின் வாயையே பார்த்தாள். கூட்டமும் பேண்டு வாத்தியமும் அவளை ஒன்றும் செய்யவில்லை. முதல் பரிசு. இப்போது கடைத்தெருவில் என்னைப் பரிசுத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு ஆம்ப்ளிஃபயருக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.

மாமா

ஏப்ரல் 6

மாமாவுக்கும் அத்தைக்கும் நமஸ்காரம். நான் சுகம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். ஊசி துள்ளியது என்ற இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, என் மகளுக்குக் காது கேட்கிறது என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மாமா, ஜனவரியில் நான் எழுதிய கடிதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த உபகாரத்தை எந்தப் பிறவியிலும் தீர்க்க முடியாது.

ஒரே ஒரு விஷயம். நான் கிளம்பும்போது 'ஊ', 'ஆ' என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது 'பாபா', 'தாதா' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். என்னென்ன சத்தம் போடுகிறாள்? அப்படியே எழுதுங்கள், ஒன்றையும் விடாமல்.

உங்கள் மருமகள்

மே 18

அன்பு மருமகளுக்கு. சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கூட்டம், கல்யாணம் என்று எனக்கு மூச்சு விட நேரமில்லை.

ஜட்ஜம்மா பலகையைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். இரண்டு பல். கையில் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிச் சோதிக்கிறாள், உன் வேலை அவளுக்கு இப்போதே வந்துவிட்டது. பேச்சைக் கேட்டாயே. போன வாரம் உன் போட்டோவைக் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், "அம்மா" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வயசில் அந்த வார்த்தை சொன்ன குழந்தை இந்தத் தெருவிலேயே கிடையாது என்று தராசம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வேறொன்றும் விசேஷமில்லை.
மாமா

நீ ஒருமுறை சீக்கிரம் வந்து பார்த்துவிட்டுப் போ. - அத்தை

ஜூன் 9

மாமாவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன்.

எங்கள் அறையில் இருக்கும் ஒன்பது பெண்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் என்னைப் போகும்போதும் வரும்போதும் "அம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். மாமா, எப்படிச் சொன்னாள்? இழுத்துச் சொன்னாளா, சட்டென்று சொன்னாளா? மறுபடி சொன்னாளா?

அத்தை அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எப்போதும் எழுத மாட்டார்களே. எதற்காக எழுதினார்கள்? ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள்.

செப்டம்பரில் எனக்குக் குடும்பக் குடியிருப்பில் ஒரு அறை தருகிறார்கள். வந்து அவளைக் கூட்டிப்போகிறேன்.

உங்கள் மருமகள்

ஜூலை 3

அன்பு மருமகளுக்கு. சுகம். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்கிறாள். தினமும் சொல்கிறாள், எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உன் அத்தை எழுதியதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. பிள்ளை பெறாதவள், குழந்தை என்னிடமே ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. எதையாவது கிளப்புவாள், நீ காதில் போட்டுக்கொள்ளாதே. அவசரப்பட்டுக் குழந்தையை இடம் மாற்றவும் வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளை, இந்தத் தண்ணீருக்கு வளர்ந்தவள். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்.

மாமா

நவம்பர் 10

மாமாவுக்கு வணக்கம். அங்கே இருவரும் சுகமாக இருக்கிறீர்களா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

செப்டம்பரில் நான் வந்த அன்று உங்கள் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை கூப்பிட்டேன். "உம்மேல கோவமா இருக்கா, விட்டுட்டுப் போனேல்ல" என்றீர்கள். எட்டு மாதத்தில் என்னை வெறுத்துவிட்டாள் என்று, அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் வரை அந்த இரண்டு நாளும் குளியலறையில் போய் அழுதேன். அத்தை ஏதோ சொல்ல வந்தார்கள். நான்தான் முகம் கொடுக்கவில்லை.

மாமா, அவளுக்குச் சுத்தமாகக் காது கேட்கவில்லை. இரண்டு காதும். இங்கே டெஸ்ட் எடுத்தார்கள். பதினாலு மாதமாகிறது, ஒரு வார்த்தை இல்லை. 'ஊ', 'ஆ' கூட நின்றுவிட்டது. உங்கள் வீட்டை விட்டு வந்ததும் 'அம்மா'வும் போய்விட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பிறவியிலேயே கேட்கவில்லை என்றால் இன்றைக்கே மிஷின் மாட்டிப் பயிற்சியை ஆரம்பிக்கலாமாம். ஆனால் ஆறு மாதத்தில் நன்றாகக் கேட்டது என்று நான் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அப்படியென்றால் நடுவில் ஏதோ நடந்து காது போயிருக்கிறது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மிஷின் வைக்கக்கூடாது என்கிறார் டாக்டர். மார்ச் 9 டெஸ்ட் பேப்பரை உடனே அனுப்புங்கள். காய்ச்சல் வந்ததா? எங்காவது விழுந்தாளா? பெரிய சத்தத்தில் வைத்திருந்தீர்களா என்றும் கேட்கிறார். நான் ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

உங்கள் மருமகள்

நவம்பர் 24

அன்பு மருமகளுக்கு. உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அங்கே குழந்தை சாப்பிடுகிறாளா?

முதலில் ஒன்று. ஸ்பீக்கரால் காது போகாது. போவதென்றால் என் காது எப்போதோ போயிருக்கும். அந்த டாக்டருக்கு மைக் செட்டைப் பற்றி என்ன தெரியும்? எழுதினதை அடிக்கச் சொல். நாலு பேர் காதில் விழுந்தால் என் தொழில் என்னாவது?

டெஸ்ட் பேப்பர் வைத்திருந்த பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. அந்த டாக்டரும் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

நடந்ததை மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். ஏப்ரல் மாதம் நான் கடையில் இருந்தபோது உன் அத்தை குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழந்தை உருண்டு தலைகுப்புற விழுந்துவிட்டது. காதோரம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். நான்தான் தூக்கினேன். பயந்துபோய், உன்னிடம் சொல்லாதீர்கள் என்று காலைப் பிடித்தாள். பாவம் என்று விட்டேன். அதற்குப் பிறகுதான் குழந்தையின் சத்தம் குறைந்தது. இதெல்லாம் இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

மாமா

டிசம்பர் 6

அத்தைக்கு.

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை கேட்கவில்லை.

ஏப்ரலில் விழுந்த குழந்தையைப் பற்றி மே மாதம் ஒரு வரி எழுதினீர்கள், 'சீக்கிரம் வந்து பார்த்துவிட்டுப் போ' என்று. விழுந்துவிட்டாள் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் நல்லவர், ஏழு மாதம் உங்களுக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

விழுந்த வேகத்தில் உள் காதில் கிழிந்திருக்கலாம், திறந்து பார்த்து அடைத்தால் திரும்பக் கேட்க வாய்ப்பு உண்டு என்கிறார் டாக்டர். டிசம்பர் 22 காலை இரண்டு காதுக்கும் பின்னால் வெட்டித் திறக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். திரும்பக் கேட்கும் என்றால் எதற்கும் போடுவேன். அதுவரை மிஷின் கிடையாது.

உங்களுக்குப் பிள்ளை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 20

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. நான் சுகம். ஜட்ஜம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

நீ அத்தைக்கு எழுதிய கடிதம் அவள் கைக்கே போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். இவள் ஒருநாள் பெட்டியைத் தூக்குவாள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் பலித்தது. தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "விழுந்தான்னு எழுதுன கையாலேயே இல்லன்னு எழுதுங்க. நான் எழுதுனா அவ நம்ப மாட்டா" என்றாள். ஆகையால் எழுதுகிறேன். குழந்தை விழவில்லை. உன் அத்தை அவளை ஒருநாளும் தனியாக விட்டதில்லை. ஸ்பீக்கர் மேல் பழி வந்ததே என்ற பதற்றத்தில் அப்படி எழுதிவிட்டேன். எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது, உனக்குத் தெரியும்.

நேற்றே தந்தி ஆபீசுக்குப் போனேன். ஆபரேஷன் வேண்டாம் என்று இரண்டு வார்த்தைதான். ஆனால் தந்திக் குமாஸ்தா ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகப் படித்து எண்ணுகிற ஆள். வரிசையில் ஏழெட்டுப் பேர். என்னைப் பார்த்ததும், "வாங்க பரிசுத் தாத்தா, பேத்தி எப்படி, பாட்டே பாடுவாளே இப்ப?" என்றார். பாடுகிறாள் என்றேன். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். அதற்குள் கட்டுப் பிரித்திருப்பார்கள். காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நீயும் உடம்பைக் கவனித்துக்கொள்.

மாமா

பின்குறிப்பு: டாக்டர் மறுபடி கேட்டால் சொல்வதற்காக ஒரு சின்ன விஷயம். போட்டி மறுநாள் இல்லை, மார்ச் 9 அன்றேதான். காலை ஒன்பது மணிக்கு டவுன் ஹாலில் பேர் கொடுக்காவிட்டால் சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் அத்தை வாசல் வரை பின்னாலேயே வந்தாள், நான்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி துள்ளியது, டாக்டர் எழுந்து நின்றது எல்லாம் நானாக எழுதியது. ஜட்ஜம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கவே இல்லை.